மணநாளில் மீன்பிடிக்கப் போதல்: பண்டத்தரிப்பை முன்வைத்து ஒரு முன்னாய்வு

டொரன்டோவில் இருக்கும் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருக்கும் தாய் தகப்பனுக்குக் கலியாண நாள் பரிசாக ஒரு யோசனையும் இரண்டு தூண்டில் தடிகளும் அனுப்பிவைத்தார்கள். "வடக்கால காட்டுப் பக்கம் வாகனத்தில போய், ரெண்டு பேருமா மீன் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்பதே யோசனை. பிள்ளைகளுக்கு இது எளிது. அவர்களுக்கு வடக்கே அல்கொன்குயின் பூங்கா இருக்கிறது. 1893இல் நிறுவப்பட்டது, ஏறத்தாழ 7,600 சதுரக் கிலோமீற்றர் பரப்பு, எண்ணித் தீராத ஏரிகள். மீன்பிடி அனுமதி அட்டையை எடுத்துக்கொண்டு வாகனத்தை வடக்கே திருப்பினால் போதும்.

பண்டத்தரிப்பில் வாகனத்தை வடக்கே திருப்பினால் சற்று நேரத்தில் மாதகல் வந்துவிடும். மாதகலுக்கு வடக்கே பாக்கு நீரிணை. அதற்கும் வடக்கே கோடியக்கரை. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே வடக்குக் காட்டைக் காண விரும்பும் பண்டத்தரிப்பான் தெற்கே போகவேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி (பெரியப்பா, வாய்மொழி).

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லாத கட்டுரை யாழ்ப்பாணத்தில் ஆய்வாக ஏற்கப்படாது. இக்கட்டுரை அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்த்தார். அவருக்கும் மீன்பிடிப் பயணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அவரைக் குறிப்பிடாமல் இவ்வூரைப் பற்றி யாரும் கட்டுரை முடித்ததில்லை என்பதால் இங்கே அவருக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டது.

வழி: ஏ-9 வீதி. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் ஆனையிறவு தாண்டி ஊர்காவற்றுறைக்கு வந்து கப்பல் ஏறின. தம்பதியர் எதிர்த்திசையில் போவார்கள்.

இடம்: இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்த குளம், வட மாகாணத்தில் மிகப் பெரியது. சுண்டிக்குளம் அழகுதான். ஆனால் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த இடம் அது. அங்கே தூண்டிலோடு நிற்பவரை வனசீவராசிகள் திணைக்களம் மணமக்களாகக் கருதாது.

மீன்: விரால், கெழுத்தி, 1952இல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீனான திலாப்பியா. குளத்து மீன் சேற்று மணம் என்பது கடற்கரையோர மக்களின் ஒருமித்த கருத்து (மச்சாள், குரல்பதிவு, முதற்பாதி பிள்ளையின் அழுகையால் சிதைந்துள்ளது).

இவையெல்லாம் சில்லறை. ஆய்வின் மையச் சிக்கல் நாள்.

ஆடியில் கலியாணம் வைப்பதில்லை என்பதால் ஆவணி முகூர்த்தங்களில் மண்டபம் கிடைக்காது. இந்தத் தம்பதியரும் ஆவணிக்காரர். கலியாணம் செப்தெம்பர் முதல் வாரத்தில் நடந்தது. நல்லூர்க் கந்தன் திருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் 25 நாள் விழா. அமாவாசை ஆண்டுக்காண்டு நகர, கொடியேற்றமும் நகரும். 2023இல் ஓகஸ்ட் 21இல் கொடியேறியது. 2025இல் யூலை 29இலேயே ஏறிவிட்டது. கொடி ஏறியதிலிருந்து இறங்கும்வரை பல சைவ வீடுகளில் மச்சம் அடுப்புக்கு வராது. ஆகவே ஒரே கலியாண நாள் ஓர் ஆண்டு மீன் நாளாகவும் இன்னோர் ஆண்டு மரக்கறி நாளாகவும் விழுகிறது.

மேலும் கலியாண நாள் என்பது எது? ஆங்கிலத் திகதியா, தமிழ்த் திகதியா, நட்சத்திரமா? தமிழ்த் திகதி என்றால் வாக்கியமா, திருக்கணிதமா? சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்திலேயே இரண்டு பஞ்சாங்கங்களும் ஒத்துப்போவதில்லை. யாழ்ப்பாணம் இரண்டையும் வாங்கி, வசதியானதைப் பின்பற்றிவருகிறது. இது முறையியல் நேர்மையின்மை என்று கண்டிக்க வருவோர், தங்கள் ஆய்வேடுகளின் மேற்கோள் பட்டியலை ஒருமுறை புரட்டிவிட்டு வருவது நல்லது.

அடுத்து எழுவது, மச்சம் என்பது தின்பதா, பிடிப்பதா என்ற வினா. இதற்கு ஆதார நூல் குஞ்சியம்மா. அவருடைய கூற்றுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கிணற்றடிப் பாடம்: "கொடியேறினாப் பிறகு தூண்டிலையும் தொடப்படாது." குசினிப் பாடம்: "பிடிச்சா என்ன, வாயில வைக்காட்டிச் சரி." முன்னது காலையில், பல் விளக்கும்போது சொல்லப்பட்டதால் தெளிவு குறைந்தது, பின்னது தேங்காய் துருவும்போது சொல்லப்பட்டதால் நிதானம் மிக்கது. குசினிப் பாடத்தின் ஈற்றில் வரும் "நானும் வாறன்" என்ற தொடரை இடைச்செருகல் என்பார் பெரியப்பா. வாகனத்தில் யன்னலோர இருக்கை ஒன்று ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டிருப்பதால் அதை மூலபாடமாகவே கொள்ளவேண்டும் (குஞ்சியம்மா, குசினிப் பாடம், பேத்தி படியெடுத்தது, ஓரத்தில் மஞ்சள் கறை). இதைவிடச் சிறிய பாடபேதத்துக்காகப் பேராசிரியர்கள் ஆளுக்காள் முகம் பாராமல் ஓய்வு பெற்றதுண்டு. குஞ்சியம்மாவும் பெரியப்பாவும் பின்னேரத் தேத்தண்ணிக்கு ஒன்றாகவே இருந்தார்கள்.

பிள்ளைகள் இங்கே குறுக்கிட்டு, பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடும் கனடிய வழக்கத்தை எடுத்துச்சொன்னார்கள். விரதம் கெடாது, மீனும் சாகாது. பண்டத்தரிப்பின் மறுமொழி ஒரு வரிதான்: "விடுறதெண்டா ஏன் பிடிக்கிறது?" ஒன்ராறியோவில் 18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர் அனுமதி பெறவேண்டும், அல்கொன்குயினில் உயிருள்ள மீனை இரையாகக் கோக்கக்கூடாது என்றெல்லாம் விதி உண்டு. இந்தக் கேள்விக்கு விதிநூலில் இடமில்லை.

ஒப்பியல் நோக்கில் பக்கத்து ஊரான சில்லாலையையும் பார்க்கவேண்டும். கத்தோலிக்கர் செறிந்து வாழும் அவ்வூரில் தவக்கால வெள்ளியன்று இறைச்சி விலக்கு; மீன் உண்டு. பண்டத்தரிப்புச் சைவ வீட்டில் வெள்ளியன்று அதே மீன் விரதத்தை முறித்துவிடும். மாதகலில் ஒரே வள்ளத்தில் வந்திறங்கிய ஒரே பாரை, ஒரு வேலியில் விரத உணவு, மறுவேலியில் விரதபங்கம். மீனின் இயல்பு மீனில் இல்லை, வேலியில் இருக்கிறது என்று ஒரு பெருங்கோட்பாட்டை இங்கே நிறுவியிருக்கலாம். வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைப்பு வந்தால் நிறுவப்படும்.

பயண ஒழுங்கில் இன்னொரு முடிச்சு. ஏ-9இல் தெற்கே போகும் வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிய பிறகே நகரும். ஆனால் இரணைமடுவுக்குத் திரும்பும் சந்தி முறிகண்டிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. சந்தியில் திரும்பினால் பிள்ளையாரைத் தவறவிட்ட பாவம். நேரே போனால் குளத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி வரவேண்டும். இரண்டுக்கும் நடுவில், அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. இச்சிக்கலை ஆராய இதைவிடத் தோதான இடம் இலங்கையில் இல்லை. இருந்தும் பீடங்கள் நீர்ப்பாசனம் போன்ற சிறு விடயங்களிலேயே காலத்தைச் செலவிடுகின்றன.

வாகனம்: தகப்பனுக்கு மொரிஸ் மைனரில் இருவராகப் போக விருப்பம். குஞ்சியம்மாவின் பாடம் நிலைபெற்றதும் ஹையேஸ் வான் என்று முடிவாயிற்று. வானில் வெற்று இருக்கை இருந்தால் ஊர் பொறுக்காது. மச்சாள் குடும்பம், அவர்களோடு ஒரு மாமி, மாமியோடு கிளிநொச்சியில் இறங்கவேண்டிய இன்னொருவர், அவரோடு ஒரு மூட்டை முருங்கைக்காய்.

நாளைக் கடைசியில் தீர்த்தது வாக்கியமும் அல்ல, திருக்கணிதமும் அல்ல. நல்லூர்க் காலத்தில் வானுக்கு ஓட்டம் அதிகம். சாரதி தன் கொப்பியைப் புரட்டிவிட்டு, ஒரேயொரு நாள்தான் கிடக்கு என்றார். வெள்ளிக்கிழமை.

ஆதலால் கட்டுச்சாப்பாடு: புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், மோர்மிளகாய். தூண்டில் தடிகள் வானின் பின்னிருக்கைக்குக் கீழே. இரை மண்புழுவாம், அதைத் தொட்ட கையோடு யாரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கக்கூடாது (குஞ்சியம்மா, வான் பாடம், இன்னும் பதிப்பிக்கப்படாதது). பின்னேரம் ஆறு மணிக்குப் பிந்தினால் வாடகை கூடும்.