கத்திரி வெயில் கேள்விகள்

கே: எங்கள் தாத்தா காலத்திலும் வெயில் அடித்தது. அப்போது யாரும் 'வெப்ப அலை' என்று பயமுறுத்தவில்லையே? (திருத்தணி)

ப: தாத்தாவுக்குத் திண்ணை இருந்தது, வேப்பமரம் இருந்தது, மதியத் தூக்கம் இருந்தது. பேரனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் உச்சிவெயிலில் பிரியாணி டெலிவரியும். வெயில் ஏறியிருக்கிறது, ஒதுங்க இடம் குறைந்திருக்கிறது. தவிர, அன்று வெயிலில் போய்ச் சேர்ந்த தாத்தாக்களிடம் பேட்டி எடுக்க முடியாது.

கே: வேலூரில் 42 டிகிரியிலும் ஆட்கள் நடமாடுகிறார்கள். சென்னையில் 37-க்கே மூச்சு முட்டுகிறதே? (பெரம்பூர்)

ப: உடம்புக்கு இருக்கும் ஒரே ஏ.சி. வியர்வை. அது வழிந்தால் பயனில்லை, ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியசாலியும் சில மணி நேரம்தான் தாங்குவார் என்று 2010-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். பிறகு பென்சில்வேனியாவில் இளவட்டங்களை அறையில் வைத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய 31-லேயே உடம்பு கையை விரித்துவிட்டது. வேலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். வறண்ட வெயிலில் உடம்புத் தண்ணீர் போவதே தெரியாது.

கே: வெயிலால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று சரியாகச் சொல்ல முடியுமா? (கரூர்)

ப: கஷ்டம். வெயில் தன் பெயர் வெளியே வராமல் காரியத்தை முடிக்கிற ஆசாமி. சான்றிதழில் 'மாரடைப்பு' என்றிருக்கும், 'சிறுநீரகச் செயலிழப்பு' என்றிருக்கும். அதனால் குறுக்குவழிக் கணக்கு: வழக்கமாக அந்த மாதம் எத்தனை சாவு, இந்த வருடம் எத்தனை? மிச்சம் வெயிலின் பற்றில்.

அகமதாபாத்தில் 2010 மே மாதத்துக்கு இப்படிப் பார்த்தபோது 1,344 பேர் கூடுதல். ஊர் விழித்துக்கொண்டு 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெற்காசிய நகரங்களில் அதுதான் முதல். முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் பயிற்சி, பிறகு ஏழைகளின் கூரைக்கு வெள்ளையடிப்பு. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை, சுண்ணாம்புதான்.

பணம் இருந்தால் தப்பலாம் என்பீர்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேர் போனார்கள், பிரான்ஸில் மட்டும் 15,000 அளவில். ஆகஸ்ட் மாதம், பாரிஸில் பாதிப் பேர் விடுமுறையில். நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. மாடியறைப் பாட்டியின் கதவைத் தட்டத்தான் ஆளில்லை.

கே: ராத்திரி சூரியன் இல்லை. அப்போது பயமில்லைதானே? (அம்பத்தூர்)

ப: பகல் அடித்த அடிக்கு ராத்திரிதான் ஒத்தடம். கான்கிரீட் விடிய விடியச் சூட்டைக் கக்கினால் அதுவும் போச்சு. 1995 ஜூலையில் சிகாகோவில் ராத்திரியும் ஆறாத வெப்ப அலையில் சில நாட்களில் 739 பேர் போனார்கள். திருடனுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காத முதியவர்களும் அதில் உண்டு. திருடன் வரவில்லை.

கே: ஃபேன் போதாதா? (நெய்வேலி)

ப: 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனைப் போடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அனல் காற்றுக்குக் கரண்ட் பில் வேறு கட்டுவானேன்? துண்டை நனைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கே: பேசாமல் ஊட்டிக்குக் குடிபோய்விடலாமா? (ஈரோடு)

ப: போங்கள். 2024 ஏப்ரலில் அங்கே 29 டிகிரி, பதிவேடு அதுவரை காணாத உச்சம். கொசுவுக்கும் உங்கள் யோசனைதான். எத்தியோப்பியா, கொலம்பியா மலைகளில் வெப்பம் கூடிய வருடங்களில் மலேரியா மேட்டுக்கு ஏறுகிறது. அதற்கு இ-பாஸ் தேவையில்லை.

கே: மழையே இல்லாத மாதத்தில் எங்கள் தெருவில் டெங்கு. எப்படி? (ராமநாதபுரம்)

ப: மழை இல்லை, அதனால்தான்! லாரித் தண்ணீரைக் குடம், டிரம், அண்டா என்று பிடித்து மூடாமல் வைக்கிறோம். ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையைச் சீண்டாது, நல்ல தண்ணீர் வேண்டும். அதன் முட்டை ஈரமில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். சூடு கூடினால் கொசுவுக்குள் வைரஸ் சீக்கிரம் தயாராகிவிடும். கார்ப்பரேஷனின் கொசுப்புகை வண்டி தெருவில் போகும்போது குடும்பமே வேடிக்கை பார்க்கிறது, கொசுப்புழு உங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தட்டில் நீந்துகிறது.

கே: வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வருமா? (வேளச்சேரி)

ப: வரலாம். எலி மூத்திரத்தில் இருக்கும் லெப்டோஸ்பைரா கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். 2018 வெள்ளத்தின்போது கேரளம் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கையோடு கொடுத்தது. எலியைப் பிடிப்பது இருக்கட்டும். வேட்டியை மடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க இறங்கும் மாமாக்களை முதலில் பிடியுங்கள்.

கே: மருமகள் ஐந்து மாதம். களையெடுக்கப் போகிறாள். நாங்கள் எல்லாம் பிரசவத்தன்றும் வயலில் நின்றவர்கள். இவளுக்கு மட்டும் என்ன? (திருவண்ணாமலை)

ப: தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வு. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் இரண்டு மடங்கு. உங்கள் காலத்திலும் அவை நடந்திருக்கும், பழியை அம்மன் ஏற்றுக்கொண்டாள். விடியலில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பச் சொல்லுங்கள். முடிந்தால் களையை நீங்கள் எடுங்கள், அனுபவசாலியாயிற்றே.

கே: வெயிலுக்கு ஜில்லென்று ஒரு பீர்? (புதுச்சேரி)

ப: உள்ளே போவது ஜில், வெளியே போவது நீர். போன நீரை ஈடுகட்ட வேறு சரக்கு உண்டு. 1971-ல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் தீர்ந்தது. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்துக் கொடுத்தார். 30 சதவீதத்தை நெருங்கிய சாவு 4-க்குக் கீழே வந்தது. ஓ.ஆர்.எஸ். என்கிற அந்த உப்பு-குளுக்கோஸ் தண்ணீர்தான் வெயிலுக்கும். போதை கிடையாது, ஆள் மிஞ்சுவார்.

கே: அரசாங்கம் என்ன செய்கிறது? (மதுரை)

ப: 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல காரியம். ஆனால் வெயிலில்தான் இறந்தார் என்று காகிதம் சொல்ல வேண்டுமே? கரூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: இப்படி ஆகும் என்று யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லையா? (திருச்சி)

ப: 1896-லேயே சொன்னார் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ஹீனியஸ். காற்றில் கார்பன்-டை-ஆக்ஸைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். குளிரில் நடுங்கும் ஊர்க்காரர், அதனால் நல்லதுதானே என்று மகிழ்ந்தும் போனார். மே மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடை கூட்டி வந்திருக்கலாம்.