கூட்டம் வருவதற்குள்

என் சகலைக்கு ஊர் சுற்றுவதில் அவ்வளவு ஆசை கிடையாது. சுற்றிவிட்டு வந்து சொல்வதில்தான் ஆசை. அதிலும் ஒரே ஒரு வாக்கியம்: "நான் போனப்போ அங்க ஒண்ணுமே இல்ல சார்!" கொடைக்கானலைப் பற்றி இதைச் சொல்லும் உரிமை அவருடைய மாமாவிடம் இருக்கிறது. ஏலகிரியை அலுவலகத்தில் ஒருவர் வளைத்துப்போட்டுவிட்டார். மிச்சம் ஏதாவது உண்டா என்று உலக வரைபடத்தைத் துழாவி, சுற்றுலாக் கூட்டம் இன்னும் மோப்பம் பிடிக்காத கிழக்குத் திமோரில் விரலை வைத்தார். திட்டம் போடும் வேலை எனக்கு வந்தது.

ஏழை நாடு, செலவு குறையும் என்பது அவர் கணக்கு. அங்கே புழங்குவதோ அமெரிக்க டாலர்; சில்லறை மட்டும் சொந்தமாக அடித்துக்கொள்கிறார்கள். வருகிறவர்கள் குறைவு, அதனால் விமானம் குறைவு, அதனால் டிக்கெட் விலை அதிகம். கூட்டம் வராமலிருப்பதற்கு என்னென்ன காரணமோ, அத்தனைக்கும் சகலை தனித்தனியாகக் கோபப்பட்டார். போதாக்குறைக்கு, கைக்கு எட்டிய வழி பாலி வழியாக. கூட்டமில்லாத ஊருக்குப் போக, உலகமே குவிந்துகிடக்கும் தீவில் இறங்கி ஏற வேண்டும். "பாலில நான் கண்ணை மூடிக்கிறேன்" என்றார்.

யாரும் போகாத நாடு என்று அவர் சொல்லும்போதுதான் எனக்கு உறுத்தும். சந்தன மரத்துக்காகப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டார்கள். 1942இல் ஜப்பான் படை இறங்கியது. போர்த்துகீசியர் கையைக் கழுவிய 1975இல் இந்தோனேசியப் படை நுழைந்து, 1999 வரை நகரவில்லை. அந்த ஆண்டு வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலை கேட்டார்கள். அதற்குத் தண்டனையாக ஊர்கள் எரிந்தன. பிறகு ஐ.நா. வந்தது. 2002 மே 20இல்தான் நாடு அவர்கள் கைக்குத் திரும்பியது. இவ்வளவு பேர் வந்துபோன வாசலில் நின்றுகொண்டு 'நான்தான் முதல்' என்று சொல்லச் சகலையால்தான் முடியும்.

சாப்பாட்டுப் பிரச்சினையை என் மனைவி தீர்த்துவைத்தாள். மக்காச்சோளம், பூசணிக்காய், பாசிப்பயறு மூன்றையும் ஒன்றாக வேகவைக்கும் 'பத்தார் தாஆன்' அங்கே பிரபலம் என்று படித்துக் காட்டினேன். "கூட்டு சாப்பிட எதுக்குங்க பாஸ்போர்ட்டு?" என்றாள்.

கடலில் குளிப்பது சகலையின் அடுத்த திட்டம். அந்தத் தீவே ஒரு முதலையின் உடம்பு என்பது அவர்கள் ஐதீகம். தன்னைக் காப்பாற்றிய சிறுவனுக்காக ஒரு முதலை நிலமாக மாறிப்போனதாம். அதனால் முதலையைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். கடலில் நிஜத் தாத்தாக்களும் உண்டு. உவர்நீர் முதலை, ஆளைப் பிடிக்கும் சாதி. தப்புச் செய்தவர்களைத்தான் தாத்தா பிடிப்பார் என்றொரு நம்பிக்கையும் இருப்பதாகச் சொன்னேன். அறையில் சிறிது அமைதி. "அப்ப அத்தான், நீங்க கரையிலயே உட்காருங்க" என்றாள் என் மனைவி. சகலையின் மனைவி மறுக்கவில்லை.

காபியைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டேன். 1920களில் திமோரில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து ஒரு செடி முளைத்தது. இலைத்துரு நோய்க்கு அசையாத செடி. அதன் வாரிசுகளில் ஒன்றுதான் நம் நாட்டுத் தோட்டங்களில் 'காவேரி' என்ற பெயரில் வளர்கிறது. திமோர் நம் டபராவுக்கு எப்போதோ வந்திருக்கலாம். இதைச் சகலை ரசிக்கவில்லை. அந்த இடத்துக்குத் தனக்கு முன்னாலேயே வேறு யாரோ போய் ஒரு செடியைத் தூக்கி வந்துவிட்டார்கள் என்பது அவருக்கு நேரடி அவமானம்.

தலைநகர் டிலியில் மைக்ரோலெட் என்ற குட்டி வேனில் இறங்க வேண்டுமானால் காசால் கம்பியைத் தட்ட வேண்டுமாம். அதை வீட்டு கிரில் கம்பியில் சகலை பழகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், 2025 அக்டோபரில், கிழக்குத் திமோர் ஆசியான் அமைப்பில் பதினோராவது நாடாகச் சேர்ந்த செய்தி வந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "திமோரா? அதெல்லாம் இனிமே கூட்டம் சார். நான் பிளான் போட்டப்போ அங்க ஒண்ணுமே இல்ல!"