குடத்தோடு நின்ற வருஷம்

“எண்பத்து மூணு கிரிக்கெட் உலகக் கோப்பை பைனலை நீ டிவியில பார்த்தியாம்மா?” என்று ஜூன் 25 வரும்போதெல்லாம் மகன் கேட்பான். பாதி பார்த்தேன் என்பேன். மீதிப் பாதியில் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

அப்போது திருவல்லிக்கேணியில் எட்டுக் குடித்தனம் இருந்த வீடு எங்களுடையது. நான் ஒன்பதாம் வகுப்பு. முந்தைய வருஷம் மழை பொய்த்து, செங்குன்றம் ஏரி வறண்டு, சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றது. அடிபம்பு இருபது தடவை அடித்தால் ஒரு தடவை இருமும், அவ்வளவுதான். என் குடம் பச்சை பிளாஸ்டிக். வரிசையில் எங்கள் இடம் பறிபோகாமல் இருக்க, அதன் கழுத்தில் அம்மா சிவப்புத் துணி கட்டியிருந்தாள்.

அன்று சனிக்கிழமை. ஸ்ரீகாந்த் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் லாரியின் ஹாரன் கேட்டது. அவர் எடுத்த 38தான் அந்த ஆட்டத்திலேயே அதிகபட்ச ஸ்கோர். நம்ம ஊர்ப் பையன் மேற்கிந்தியத் தீவுகளின் பந்துகளை விளாசிய நேரத்தில் நான் வரிசையில் பன்னிரண்டாவது ஆள். மாடியில் கூச்சல் எழும்போதெல்லாம் வரிசையே அண்ணாந்து பார்க்கும். இந்தியா 183க்குச் சுருண்டது. ராத்திரி எல்லாரும் மாடிப் போர்ஷன் மாமா வீட்டுச் சாலிடேர் டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எதிரணி 140. நள்ளிரவில் மாமி, ஆளுக்கு அரை டம்ளர் என்று அளந்து பானகம் கொடுத்தாள். அந்த வாரம் தண்ணீர் இருந்த நிலையில் அது பெரிய தானம்.

ஜெயித்து வந்தவர்களுக்குக் கொடுக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் கச்சேரி செய்து நிதி திரட்டிக் கொடுத்தார், ஆளுக்கு ஒரு லட்சம். 2024இல் டி20 கோப்பையை வென்ற அணிக்கு அதே வாரியம் 125 கோடி அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு லட்சத்தில் இருந்த ஈரம் என் மனசில் இன்னும் காயவில்லை.

தண்ணீருக்கு வழி பிறந்ததும் அந்த எண்பத்து மூணில்தான். மே 25ஆம் தேதி சென்னையில் தெலுங்கு கங்கைத் திட்டத்தைத் தொடங்கிவைக்க இந்திரா காந்தி வந்தார். எம்.ஜி.ஆரும், கட்சி தொடங்கி ஒன்பதே மாதத்தில் முதல்வராகியிருந்த என்.டி.ஆரும் கூட இருந்தார்கள். கிருஷ்ணா நதித் தண்ணீர் வந்துவிடும் என்று அம்மா நம்பினாள். வந்தது, 1996இல். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோது அந்தச் சிவப்புத் துணிதான் என் கண்ணில் நின்றது.

கோப்பை வந்து இருபத்தொன்பதாவது நாள், ஜூலை 24, இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. மறுநாளிலிருந்து அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன, வெலிக்கடைச் சிறையில் 53 பேரைக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி மேல் செய்தி. எங்களுக்கு அதுவரை இலங்கை என்றால் வானொலிதான். சாயங்காலப் பாட்டும், அதைச் சொல்லும் அந்தக் குரல்களும். அந்த வாரம் அந்த அலைவரிசைப் பக்கம் முள்ளைத் திருப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்கள். ராமேஸ்வரம் வழியாக அகதிகள் வந்து மண்டபம் முகாம் நிறைந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் ஒரு குடும்பம் வந்தது, வெள்ளவத்தையிலிருந்து. அதில் என் வயசுப் பெண் ஒருத்தி. முதல் நாளே என்னோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “யாழ்ப்பாணத்தில அம்மம்மா வீட்டில கிணறு இருக்கு. துலாவில அள்ளுவம். எவ்வளவு வேணுமெண்டாலும் அள்ளலாம்” என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் நகர்ந்து அவளை முன்னால் விட்டார்கள். தண்ணீருக்காகத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்ட அதே பெண்கள்.

அக்டோபரில் விஞ்ஞானி சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பேட்டை ஹிந்து ஹைஸ்கூலில் படித்தவர் என்று தெருவே பூரித்தது. டிசம்பரில் சேப்பாக்கம் டெஸ்ட். ரன் கணக்கு தொடங்குமுன்பே இரண்டு விக்கெட் போய், நாலாவதாக இறங்கிய கவாஸ்கர் முப்பதாவது சதம் அடித்தார். பிராட்மன் சாதனை முறிந்த அந்தக் கணம் மைதானத்து இரைச்சல் எங்கள் மொட்டை மாடி வரை வந்தது. நான் குதித்தேன். பக்கத்தில் அவளைக் காணோம். படிக்கட்டுக்கு அடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் சேர்ந்து கத்தும் சத்தத்தை அவள் கடைசியாகக் கேட்டது ஜூலையில், அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே.

கோப்பைக் கதையை இன்று சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். மகனோடு உட்கார்ந்து பார்த்தேன், அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவனுக்கு ஒரு பாதிதான் தெரியும்.

அவள் இப்போது டொராண்டோவில் இருக்கிறாள். ஜூலை கடைசியில் ஒரு நாள் கட்டாயம் போன் வரும். அந்த நாட்களைப் பற்றி இருவரும் பேச மாட்டோம். எடுத்தவுடன் அவள் கேட்பது ஒன்றுதான்:

“உங்கட பைப்பில தண்ணி வருதோ?”