அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தாருக்கு ஒரு விக்ஞாபனம்

மகா கனம் பொருந்திய சம்மேளனத்து நிர்வாகஸ்தர்களின் சமூகத்துக்கு, வடசென்னை வியாசர்பாடியில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சியை ஸ்திரமான ஆஸ்தானமாகக் கொண்ட கால்பந்து அபிமானிகள் சிலரின் சார்பில், அவர்களுள் பேனாவுக்குச் சோம்பாதவன் என்ற ஒரே யோக்யதையால் காரியதரிசியாக்கப்பட்ட அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைப் பற்றி எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் எழுந்ததில்லை. தேசிய அணியின் க்ஷேமம் குறித்துத்தான் சிறிது விசாரம்.

2025 நவம்பர் 18ஆம் தேதி இரவு டாக்கா தேசிய மைதானத்தில் நிகழ்ந்ததை மறுபடியும் பிரஸ்தாபிப்பதற்குத் தாங்கள் க்ஷமிக்க வேண்டும். ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூடக் கழியாத அந்த வேளையில், வங்கதேசத்து ராகிப் உசைன் ஓரத்தோடு பந்தை ஓட்டிக்கொண்டு வந்து குறுக்கே தள்ள, நம் பின்வரிசையினர் பந்தி விசாரிக்கும் சம்பந்திகளைப் போல ‘தாங்கள் முதலில்’, ‘இல்லை, தாங்கள்தாம்’ என்று ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொண்டிருந்த இடைவெளியில் ஷேக் மோர்சாலின் என்னும் இளைஞர் புகுந்து, ஆறடிக்கு மேல் ஓங்கி வளர்ந்த நம் கீப்பரின் இரு கால்களுக்கும் நடுவே பந்தைச் செலுத்தி, 22 வருஷங்களாக நம்மை ஜெயிக்காதிருந்த தம் தேசத்தின் விரதத்தை முடித்துவைத்தார். அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. அதனால் புதிதாக நஷ்டம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் 2027ஆம் வருஷத்து ஆசியக் கோப்பைக்காக நாம் சவூதி அரேபியாவுக்குப் பிரயாணச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது, அதற்கு முந்தைய மாதமே, கோவாவில் சிங்கப்பூர் அணி நம்மை 2-1 என்று வென்ற இரவிலேயே தீர்மானமாகிவிட்டது. நான்கு தேசங்கள் அடங்கிய அந்தத் தகுதிச் சுற்றுப் பிரிவில், குலுக்கல் நடந்த சமயத்தில் தரவரிசையில் எல்லாருக்கும் மேலே நின்றவர்கள் நாம். முதல் ஐந்து ஆட்டங்களில் நாம் போட்ட கோல் 2, வாங்கிக்கொண்டவை 5, சம்பாதித்த புள்ளிகள் 2. தாங்கள் இவற்றை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் விக்ஞாபனம் என்றால் ஆதிகாரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று பெஞ்சியில் ஒரு சம்பிரதாயம் உண்டு.

டாக்கா ஆட்டத்துக்கு மறுநாள் காலை எங்கள் சபை கூடிற்று. ரயில்வேயில் வேலை பார்த்து, அங்கேயே பாக் ஆடி, முழங்கால் தேய்ந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்; எதிர்ச் சாரியில் தையற்கடை வைத்திருப்பவர்; பொறியியல் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன்; தேநீர் மாஸ்டர்; அடியேன். பையன் பெஞ்சியின்மேல் பத்துத் தம்ளர்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பின்னால் பிஸ்கட் ஜாடியைக் கீப்பராக வைத்து, உபந்நியாசத்தை ஆரம்பித்தான். ஆளுக்கு ஆள் காவல் நிற்பது அநாகரிக காலத்துப் பழக்கம். ஒவ்வொருவனும் தனக்குரிய இடத்தைக் காக்க வேண்டும். பின்வரிசை முழுவதும் ஒரே கோடாக நடுமைதானம் வரை ஏறி நின்று, எதிரியை ஆப்சைடு என்னும் வலையில் விழச் செய்ய வேண்டும் என்பது அவனுடைய பக்ஷம்.

“எடத்த நீ காப்பாத்திக்கினே இரு தம்பி. ஆளு கோலப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவான்” என்றார் பெரியவர்.

“அதெல்லாம் உங்க காலம் பெரியப்பா. இப்ப உலகத்துல யாரும் அப்பிடி ஆடறதில்ல.”

“உலகத்துல யாரும் நம்மள மாரி தோக்கறதும் இல்ல.”

வாதம் முற்றிய மும்முரத்தில் பையன் எதிரிலிருந்த தம்ளர் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டான். அது இடது பாக். பெரியவர் அந்தக் காலி இடத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டாக்காவுலயும் இதான் நடந்துச்சு” என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரியவரின் சித்தாந்தம் அவர் தகப்பனார் வழி வந்தது. 1962இல் ஜாகர்த்தாவில், ஹைதராபாத்து ரஹீம் சாகிப் பயிற்றுவித்த அணி தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினால், மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து வந்த தங்கராஜ் கோலில் நின்ற கம்பீரமும், தலையில் அடிபட்ட காரணத்தால் ஸ்டாப்பர் ஸ்தானத்திலிருந்து முன்வரிசைக்கு அனுப்பப்பட்ட ஜர்னைல் சிங் அந்தக் கட்டோடேயே கோல் போட்ட அதிசயமும் விஸ்தாரமாக வந்து, மாஸ்டர் இரண்டாவது பால் வைக்கும்வரை ஓயாது. அன்றைய ஸ்டாப்பர் கோல் போட்டான், இன்றைய ஸ்டாப்பர் கோலைத் தடுத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டோமே என்பது அவர் ஆற்றாமை. இது மிகையான தாரதம்மியம் என்றே அடியேன் கருதுகிறேன்; ஆனால் முழங்கால் தேய்ந்தவரிடம் அதைச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

தையற்கடைக்காரரோ பின்வரிசையின்மேல் குற்றமே இல்லை என்றார். நம்முடைய ஐ.எஸ்.எல். போட்டிகளில் முதலாளிகள் பணத்தைக் கொட்டி வெளிதேசத்திலிருந்து ஆள் எடுக்கும்போது, கோல் போடும் பார்வர்டையும், பின்வரிசையின் நடுவில் நின்று மற்றவர்களை அதட்டி நிறுத்தும் ஸ்டாப்பரையுமே முதலில் எடுக்கிறார்கள். ஆகவே வருஷம் பூராவும் அதட்டப்பட்டே பழகிய நம் பையன்கள் தேசிய அணியில் ஒன்று சேரும்போது, அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் திகைத்து நிற்கிறார்கள். முன்னே கோல் போடுவதற்கோ, ஓய்வுபெற்றுப் போன சுனில் சேத்ரியை நாற்பது வயதில் திரும்பவும் அழைத்துவர வேண்டியிருந்தது. எங்கள் சபையில் பேசப்பட்டவற்றுள் சாரமுள்ள அபிப்பிராயம் இது ஒன்றுதான். அதனாலேயே இதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேச்சு பிறகு ஹாங்காங் பெனால்டிக்குப் போயிற்று. 2025 ஜூன் மாதம் அங்கே புதிதாகக் கட்டிய கை டாக் மைதானத்தில், தொண்ணூறு நிமிஷம் கோல் வாங்காமல் சமாளித்துவிட்டு, நடுவர் தயவில் சேர்ந்த சில நிமிஷங்களையும் கடத்திவிட்டால் ஒரு புள்ளியோடு விமானம் ஏறலாம் என்றிருந்த நிலையில், நம் கீப்பர் கோலை விட்டு வெளியே பாய்ந்து, குத்த வேண்டிய பந்தை விட்டுக் குத்த வேண்டாத ஆளைக் குத்தினார். 94ஆவது நிமிஷத்தில் ஸ்டெபான் பெரேரா அந்தப் பெனால்டியைக் கோலாக்கினார். கீப்பர் வெளியே வந்தது சரியா, தவறா என்று எங்களுக்குள் எழுந்த சர்ச்சையில் அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டிய இருவர் போகாமலேயே நின்றுவிட்டனர்.

அந்தச் சந்தர்ப்பத்தில்தான் மாஸ்டர், அதுவரை வாய் திறவாதவர், ஜோதிடர் விஷயத்தைக் கொண்டுவந்தார். 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின்போது அப்போதைய பயிற்சியாளர் தாம் இறக்க உத்தேசித்திருந்த ஆட்டக்காரர்களின் ஜாபிதாவை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, கிரக நிலைக்கேற்ப யோசனை கேட்டார் என்று அடுத்த வருஷம் பத்திரிகையில் வெளிவந்தபோது, நாங்களும் மற்றவர்களைப் போலவே சிரித்தோம். ஆனால் மாஸ்டர் கேட்டார்: அந்த ஜூன் மாதம் நடந்த மூன்று ஆட்டங்களில் நாம் எத்தனை ஜெயித்தோம்? மூன்றும். ஹாங்காங்கை எத்தனை கோலில்? 4-0. ஜோதிடர் இல்லாத 2025இல் அதே ஹாங்காங்கிடம்? பையன் பகுத்தறிவுவாதி, வாய்விட்டு ஏதோ சொல்ல வந்து, மேலே பேசாமல் ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான். 2024இல் நியமனம் பெற்ற ஸ்பானியப் பயிற்சியாளர் கோவா அணியையும் தேசிய அணியையும் ஒரே காலத்தில் பரிபாலித்து, 8 ஆட்டங்களில் மாலத்தீவை மட்டும் வென்று விடைபெற்றுச் சென்றதை ஒப்பிட்டால், ஜோதிடர் முழுநேரமும் ஒரே தொழிலைப் பார்த்தவர் என்றும் மாஸ்டர் சேர்த்துக்கொண்டார்.

இப்படி ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா, கிரகத்தைப் பிடிப்பதா என்று தெளிவுபெறாமல் நாங்கள் தயங்கி நின்ற வேளையில், தற்காப்பு என்னும் கலையில் இத்தேசத்தில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாத ஓர் அணி ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அது தங்கள் சம்மேளனமே என்பதும் எங்கள் புத்திக்கு எட்டிற்று.

ஹாங்காங்கில் நம் பையன்கள் நடுவர் சேர்த்துக் கொடுத்த சொற்ப நிமிஷங்களைக் காப்பாற்றச் சக்தியற்றுப் போனார்கள். 2020 டிசம்பரில் பதவிக் காலம் பூர்த்தியான சம்மேளனத் தலைமையோ, விசில் ஊதிய பின்பும் ஆசனத்தை விட்டு அசையாமல், 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே மைதானத்துக்குள் இறங்கி நிர்வாகக் குழு ஒன்றை நியமிக்கும்வரை ஏறக்குறைய 17 மாதங்கள் கூடுதல் நேரத்தில் ஒரு கோலும் வாங்காமல் நின்றது. சம்மேளனத்தின் விதிமுறைகளைத் திருத்தி எழுத வேண்டும் என்று 2017இல் நீதிமன்றம் ஆரம்பித்த காரியம் 2025இல்தான் கரையேறிற்று. இடைப்பட்ட எட்டு வருஷமும் அதைத் தடுத்தவர் இன்னார் என்று எவரும் விரல் நீட்டிச் சொல்ல முடியாதபடி அது தடுக்கப்பட்டது. பையன் வர்ணிக்கும் இடங்காக்கும் முறையின் பரிபூரண லட்சியம் அதுவல்லவா? பின்னர், 2022 செப்டம்பர் தேர்தல். கல்கத்தாவின் பெரிய அணிகளுக்குக் கீப்பராக நின்ற கல்யாண் சௌபே ஒருபுறம். இந்தியாவின் பேர்பெற்ற பார்வர்டு பைசுங் பூட்டியா மறுபுறம். முடிவு 33-1. தேசத்துக்காகக் கோல் போட்டுப் பழகிய அவ்வளவு பெரிய மனிதரால் அந்தக் கீப்பரைத் தாண்டி ஒன்றே ஒன்றைத்தான் உள்ளே தள்ள முடிந்தது என்றால், நாம் கீப்பருக்காக டாக்காவில் ஏன் கண்ணீர் வடித்தோம் என்று தையற்கடைக்காரர் கேட்டதற்கு ஒருவரிடமும் விடையில்லை.

ஆகையால் சம்மேளனத்தார் தங்கள் வித்தையைத் தங்களோடேயே வைத்துக்கொள்ளாமல், அடுத்த பயிற்சி முகாமில் நிர்வாகஸ்தர்களே பின்வரிசையாக நின்று, நம் பாக்குகளுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிக் கொடுக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறோம். பந்து வரும் திசையில் ஒருவர், அதை விசாரிக்க ஒரு துணைக்குழு, அந்தத் துணைக்குழுவின் அறிக்கையைப் பரிசீலிக்க வேறொருவர் என்று நின்றால், எந்த மோர்சாலின் உள்ளே வர முடியும்?

தடையில்லாச் சான்று என்னும் ஆயுதத்தையும் தாங்கள் உபயோகிக்காமல் வீணடிப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் என்பவர், அந்தத் தேசத்தின் குடியுரிமையையே துறந்து, இந்தியப் பிரஜையாகி, அணியோடு டாக்கா வரை சென்றும், வந்து சேர வேண்டிய காகிதம் வந்து சேராமையால் கோட்டுக்கு வெளியே நின்று நம் தோல்வியைக் கண்ணால் கண்டார். ஒரு காகிதத்தால் நம் பார்வர்டைத் தடுக்க முடியுமானால் எதிரியின் பார்வர்டைத் தடுக்க முடியாதா? நம் பெனால்டி எல்லைக்குள் பிரவேசிக்கும் அயல் தேசத்தார், மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து முன்அனுமதி பெற்றே பிரவேசிக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்குமாறு பீபாவுக்கு எழுதலாம். 2023 ஜூலையில் 99ஆக இருந்து 2025 நவம்பரில் 142ஆக விருத்தியடைந்திருக்கும் நம் தரவரிசையைப் பார்த்து அவர்கள் மனமிரங்கவும் கூடும்.

பீபா இரங்காவிட்டாலும் பாதகமில்லை. எங்களிடம் மற்றோர் உபாயம் இருக்கிறது. ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் வியாபார உரிமைக்காகத் தாங்கள் 2025இல் டெண்டர் கோரியபோது, நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தவர்களில், குறித்த தேதிக்குள் ஒரே ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன்பு, நம் கோலுக்குள் பந்து போடும் உரிமையையும் அதே நிபந்தனைகளின் பேரில், அதே பாஷையில், அதே இலாகாவினரைக் கொண்டு டெண்டர் விட்டுப் பார்க்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த அபிமானிகளுக்காக,
பெஞ்சிக் காரியதரிசி,
வியாசர்பாடி.