குறைந்த பணத்தில் ரோடு சைக்கிள்: தப்பாமல் தப்பாக வாங்கும் முறை

அய்யலூரில் இருந்துகொண்டு முதல் ரோடு சைக்கிள் வாங்கப் போகிறீர்கள். கையில் முப்பதாயிரம். வாழ்த்துகள். பாதி வேலையை நீங்களே முடித்திருப்பீர்கள்: யூடியூபில் கார்பன் சைக்கிள் வீடியோ எல்லாம் பார்த்தாயிற்று, சைக்கிள் ஓட்டுகிற ஒரு ஆளிடமும் பேசவில்லை. இந்த நல்ல தொடக்கம் வீணாகக் கூடாது.

1. முப்பதாயிரத்தையும் சைக்கிளிலேயே போடுங்கள். ஹெல்மெட், பம்பு, மாற்று டியூப், பின்விளக்கு என்று கொஞ்சம் ஒதுக்கினால் சைக்கிள் ஒரு படி இறங்கிவிடும். மச்சான் வந்து பார்ப்பது சைக்கிளைத்தானே, பின்விளக்கையா? முப்பதில் ஆரம்பித்து முப்பத்தெட்டில் முடியுங்கள். மிச்சத்துக்குத் தவணை இருக்கிறது.

2. பழைய சைக்கிள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அதே பணத்துக்கு ஒரு படி மேலான வண்டி கிடைத்துத் தொலைக்கும்.

3. சைஸ் கேட்காதீர்கள். ரோடு சைக்கிள் பிரேம் 50, 52, 54, 56 என்று சென்டிமீட்டரில் வரும். செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, கவட்டையில் ஒரு புத்தகத்தைச் செருகித் தரையிலிருந்து அளந்தால், எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். தெரிந்தால்தான் தொல்லை. தள்ளுபடியில் கிடப்பது 58 மட்டும். ஐந்தரை அடி ஆளான நீங்கள் அதையே எடுங்கள். "சீட்ட எறக்குனா சரியாயிரும் சார்" என்பார் விற்கிறவர். கால் எட்டும், பொய்யில்லை. கைதான் எட்டாது, சீட்டை இறக்கினால் ஹேண்டில்பார் பக்கத்தில் வந்துவிடாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுப்பதுபோல, வளர்ந்ததும் சரியாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முப்பத்தாறு வயது என்பதையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம்.

4. கியரை எண்ணுங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக 21. பக்கத்தில் ஷிமானோ கிளாரிஸ் பூட்டிய சைக்கிள் நிற்கும்: முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, வெறும் 16. விலையும் கூட! அதில் கியர் மாற்றும் விசை பிரேக் லீவரோடு சேர்ந்திருக்கும், ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவே வேண்டாம். நீங்கள் விசை நடுத்தண்டில் இருக்கிற மாடலைப் பிடியுங்கள். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது ஒரு கையை விட்டுக் குனிந்து கியர் தேடினால்தான் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

பல்லையும் எண்ண வேண்டாம். முன்னால் சின்னது 34 பல், பின்னால் பெரியது 32 என்றால் மூச்சு வாங்கினாலும் மலை ஏறிவிடலாம். முன்னால் 39, பின்னால் 25 என்று யாரோ பந்தயத்துக்குப் பூட்டியதைத் தேடிப் பிடித்து, நேராகச் சிறுமலைக்கு விடுங்கள். கொண்டை ஊசி வளைவு 18. மூன்றாவதில் இறங்கித் தள்ளுவீர்கள். யாராவது பார்த்தால் போனை எடுத்துப் பள்ளத்தாக்கைப் படம் பிடியுங்கள்.

5. டயர் 23 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம். டூர் டி பிரான்ஸ் ஓட்டுகிறவர்களே 28 பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தைரியம் குறைந்துவிட்டது, உங்களுக்கு என்ன? 28, 32 நுழைய பிரேமில் இடமிருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளோடு நெருங்கிப் பழகும் வாய்ப்புக் குறைவு. நீங்கள் குனியாதீர்கள்.

வால்வும் மெலிந்து நீண்டு, முனையில் திருகு வைத்ததாக இருக்கட்டும். பஞ்சர் கடை அண்ணன் காற்றுக் குழாயை இப்படிப் பிடித்து, அப்படிப் பிடித்து, "தம்பி, இந்த மூக்குல நம்ம காத்து ஏறாது" என்பார். கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் இருந்தால் ஏறும். விலை அற்பம், பர்ஸில் கிடக்கும். ஆகவே வாங்காதீர்கள். அவர் கடையில் தொங்கும் டியூப் எல்லாம் நாட்டு சைக்கிளுக்கு. உங்களுடையதற்குத் திண்டுக்கல் போக வேண்டும். சக்கரத்தை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கண்டக்டர் லக்கேஜ் போட்டால் சண்டை போடாதீர்கள், இருபத்தொரு கியர் வண்டிக்குச் சொந்தக்காரர் நீங்கள்.

6. வண்டிக் கருப்பணசாமி கோயிலில் பூஜை போடுங்கள். லாரிக்காரர்களே நிறுத்திக் கும்பிட்டுப் போகிற சாமி. இந்தப் பட்டியலில் உருப்படியான வேலை இது ஒன்றுதான். முதல் ஐந்தையும் செய்துவிட்ட ஆளைக் காப்பாற்ற வேறு நாதியில்லை. 23 மில்லிமீட்டர் டயரால் எலுமிச்சம்பழத்தை நசுக்குவது மட்டும் கொஞ்சம் சிரமம். பழம் நழுவி ஓடும். துரத்துங்கள்.

7. முதல் ஓட்டத்துக்கு வியாழக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள், ஆட்டுச் சந்தை நாள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ போட்டிருப்பது கட்டாயம். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பழகினால் போதும். பழகாதீர்கள். ஆடு நடுரோட்டில் எந்த அறிவிப்பும் இல்லாமல் நிற்கும். நீங்களும் நிற்பீர்கள், பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்வீர்கள். ஓடி வருகிற வியாபாரி முதலில் ஆட்டைத் தடவிப் பார்ப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு விலை பேசி முடித்திருக்கும்.

எழுந்து வடமதுரை பக்கம் மிதியுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் ஒரு பெண், கேரியரில் தங்கச்சியோடு உங்களைத் தாண்டிப் போவாள். கியர் கிடையாது, பிரேம் அவளுக்குப் பொருந்துகிறது, டயர் தடிமன். எதிர்காற்று என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

8. மூன்று மாதம் திண்ணையில் நிறுத்திவையுங்கள். ஈரத்துண்டு காயப்போட அந்த வளைந்த ஹேண்டில்பார் நன்றாக உதவும். பிறகு விற்பனை விளம்பரம் போடுங்கள்: "அதிகம் ஓட்டாதது, புதுசு மாதிரி." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வாங்கிய விலைக்கு மேல் பூஜைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பார்க்க வருகிறவர் நிறத்தைக் கேட்டால் விலையைக் குறைக்காதீர்கள், வாங்கிவிடுவார். எத்தனை கியர் என்றால் இருநூறு ஏற்றுங்கள். பிரேம் சைஸ் என்ன, 28 டயர் நுழையுமா என்று கேட்டால் மட்டும் விற்றாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்த ஆள் ஓட்டிவிடுவார்.