முட்டிவலி அங்கிள்

சிங்கப்பூரில் எந்த அடுக்குமாடிப் பேட்டையாக இருந்தாலும் சரி, காலை எட்டு மணிக்குக் கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே ஒரு பழைய சினிமாப் பாட்டு வளைந்து வளைந்து வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பின்னாலேயே முட்டிவலி அங்கிள் வருகிறார். மூன்று சக்கரம், தலைக்கு மேல் கூரை, பின்னால் கலர் விளக்குச் சரம், கூடையில் பத்துக் கிலோ அரிசி, கண்ணாடியில் திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும்.

வண்டி நடக்க முடியாதவர்களுக்கானது. அங்கிளால் நடக்க முடியுமா என்பது இடத்தைப் பொறுத்தது. நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் வரிசையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்பார். தேக்கா சந்தையில் நல்ல ஆட்டுக்கறிக்காக எல்லாக் கடைகளையும் ஒரு சுற்று சுற்றுவார். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில் பால்குடம் எடுப்பார். கேட்டால், முட்டி குணமாக வேண்டிக்கொண்டதாம். வலி தவறாமல் வருவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அமலாக்க அதிகாரி கண்ணில் படும்போதுதான்.

இவர் பிறவி மூன்று சக்கரக்காரர் அல்ல. ஒரு காலத்தில் மின்ஸ்கூட்டரில் நின்றபடியே பறந்தவர். 2019 நவம்பர் 5ஆம் தேதி நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைக்கிள் பாதையில் ஓட்டலாம் என்றார்கள். வீட்டிலிருந்து அந்தப் பாதை வரை ஸ்கூட்டரை யார் தூக்கிக்கொண்டு போவது? அங்கிள் விதிகளை வக்கீல் கணக்காகப் புரட்டிப் பார்த்தார். நடமாட முடியாதவர்களின் மோட்டார் வண்டிக்கு நடைபாதையில் இடம் விட்டிருந்தார்கள். அடுத்த வாரமே முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது.

இத்தனைக்கும் பேட்டையின் போக்குவரத்து ஒழுங்கு அவர் கையில்தான் இருக்கிறது. உணவு கொண்டுபோகும் பையன் மின்சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிட்டால் போதும், துரத்திக்கொண்டு போய்ப் படம் பிடித்துப் புகார் அனுப்புவார். "பிள்ளைங்க நடக்கிற எடம்டா!" என்று அவர் கத்தும்போது, அடிக்கிற ஹார்னில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பாட்டியும் புல்வெளியில் இறங்கியிருப்பார்கள்.

அதிகாரிகள் பாடு பாவம். வேகம் பார்க்கக் கருவி இருக்கிறது, அகலம் அளக்க டேப் இருக்கிறது, எடை பார்க்கத் தராசுகூட இருக்கிறது. முட்டிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்தால் போதும், அங்கிள் இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முருகா என்பார். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டுமே அசைகிற மனிதரும் இதே மாதிரி வண்டியில்தான் ஓரமாக மெல்லப் போகிறார். அங்கிளைப் பார்த்துப் பழகிய ஊர் அவரையும் மேலும் கீழும் பார்க்கிறது. அங்கிள் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

2025இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2026 ஜூன் முதல், இந்த வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைவதென்று முடிவாயிற்று. நடக்கச் சிரமம் உண்டென்று மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ சான்றும் தர வேண்டும். வண்டிக்கும் அளவு வைத்தார்கள்: அகலம் 70, நீளம் 120, உயரம் 150 சென்டிமீட்டர்.

காப்பிக்கடைக்கு வந்த இளம் அதிகாரி ஒருவர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். கூரையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றதற்கு அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழ் என்றபோது முட்டியைத் தடவினார். வேகத்தைக் கேட்டதும்தான் தேத்தண்ணியை டக்கென்று கீழே வைத்தார்.

"ஆறு கிலோமீட்டரா? என்ன தம்பி நீங்க! அந்த வேகத்துக்கு நான் நடந்தே முந்திடுவேன்!"

"இத அப்படியே டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க அங்கிள்," என்றார் அதிகாரி.