ரீல்காரர்

மார்டள்ளியில் ‘ரீல்’ என்றால் இரண்டு பொருள். ஒன்று, தமிழர்கள் எங்கும் விடுவது. மற்றது, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்திறங்கும் நம்மவர் தோள்பையில் இருப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற கட்சியும் ஊரில் உண்டு.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். சாதாரண ஆள், ஏரிக்கரையில் எவனைப் பார்த்தாலும் “என்ன மீன் கெடச்சுது?” என்பான். இவர், “என்ன கியர் ரேஷியோ?” என்பார்.

போன மாதம் மாப்பிள்ளை முறைப் பையன் ஒருவன் தெரியாத்தனமாக, “மச்சான், ஆயிர ரூவாய்க்குள்ள ஒரு தூண்டில் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டான். திண்ணையில் இடம் ஒதுக்கப்பட்டது. காபி வந்தது.

“மாப்ளே, ஸ்பின்னிங் ரீலு ராடுக்குக் கீழ தொங்கும். பெய்ட்காஸ்டர் மேல உக்காரும். அதுல நரம்பு சும்மா உருவிக்கிட்டுப் போகும். இதுல ஸ்பூலே சுத்தும். தவளை லூர் காத்துல வேகம் கொறையும், ஸ்பூல் கொறையாது. அந்த நேரம் கட்டைவிரல வைக்கலேன்னா நரம்பு குருவிக்கூடு ஆயிடும். அதுக்குத்தான் காந்த பிரேக்கு.”

“சரிங்க மச்சான்.”

“விராலுக்கு ஏழடி ராடு, மீடியம் ஹெவி. கொடிக்குள்ள பூந்துட்டா இழுக்கணுமில்ல? கியர் 7.3:1. கைப்பிடி ஒரு சுத்து, ஸ்பூல் ஏழு சுத்துக்கு மேல.”

“மச்சான், நான் ஜிலேபிக் கெண்டைக்குக் கேட்டேன்.”

இவர் கவலையோடு தலையாட்டினார். அவ்வளவு சின்ன மீனுக்குப் போடும் இரை காற்றில் பறக்காதாம். ஏழு கிராமுக்குக் குறைந்த எடையைச் சாதாரண பெய்ட்காஸ்டரால் வீசுவது கஷ்டம் என்பது உண்மைதான். ஆகவே பையன் மீனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

வரலாறும் தனியாக உண்டு. கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் 1800களின் தொடக்கத்தில் பல்சக்கரம் வைத்து ரீல் செய்ததில் பேச்சு தொடங்கும். 1946இல் கபினியில் டி வெட் வான் இங்கன் 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்ததில் உச்சத்துக்குப் போகும். காவிரிக்கரை முகாம்களில் மஹ்சீர் மீன்களுக்கு வெள்ளைக்காரர்கள் ராகி உருண்டையை வீசினார்கள் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். “நாம திங்கற களியத்தான் மாப்ளே!” இன்று அந்தக் கரைகள் வனவிலங்குச் சரணாலயத்துக்குள், தூண்டிலோடு உள்ளே போக வழியில்லை. “இல்லேன்னா காட்டியிருப்பேன்” என்று சொல்ல அவருக்கு இதைவிடப் பாதுகாப்பான நதி கிடையாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனார். பின்னால் ஏழெட்டுப் பொடியன்கள்.

ஸ்பூல் திருகை இறுக்கினார், தளர்த்தினார். பிரேக்கை மூன்றில் வைத்தார், ஐந்தாக்கினார், நாலுக்கு வந்தார். விரலை நாக்கில் தொட்டுக் காற்று பார்த்தார். வீசினார். ரப்பர் தவளை பத்தடி தள்ளி, தாமரை இலை ஓரமாகத் தொப்பென்று விழுந்தது. கையில் குருவிக்கூடு.

உட்கார்ந்து சிக்கெடுத்தார். ஒரு வளையத்தை நகத்தால் தூக்கி, அதற்குள் இன்னொன்றை நுழைத்து, மூன்றாவதை இறுக்கிக்கொண்டார். இருபது நிமிடம். “இராயப்பரும் ராத்திரி பூரா வலை வீசி வெறுங்கையா இருந்தவருதான்” என்று பொடியன்களுக்கு மறைக்கல்வியும் நடந்தது.

அப்போதுதான் தண்ணீர் ‘டபக்’ என்றது. அசையாமல் கிடந்த தவளையை விரால் கவ்விக்கொண்டு கொடிக்குள் பாய்ந்தது. ரீல் சுற்றவில்லை, சிக்கு பூட்டுப் போட்டிருந்தது. ஏழடி ராடைப் புல்லில் வீசிவிட்டு, நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றில் குடம் இழுப்பதுபோல் இழுத்தார். பொடியன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவரை இழுத்தார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சமும் குறையாத விரால் கரையில் துள்ளியது.

வீட்டுப் புழக்கடையில் மனைவி சாம்பல் போட்டு விராலைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார். வாசலில், கையில் நரம்பு அறுத்த சிவந்த கோட்டோடு, ரீல்காரர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

“7.3 பத்தல மாப்ளே. 8.1தான் வாங்கணும்.”